புதுப்பிக்காத அட்டை

அத்தியாயம் 17

அன்னக்கொடி ஜிலேபிப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றதையும், அவளைப் பார்த்ததும் பீமாராவுக்கு முகம் வெளுத்துப் போனதையும் போன வாரம் படித்தீர்கள். நல்ல சேதி கொண்டு வந்தவளைப் பார்த்து ஒருத்தனுக்கு ஏன் வெளுக்க வேண்டும்? இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இனி கதையும் நகராது, அவனாலும் தாங்க முடியாது.

அன்னக்கொடிக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இண்டர்வியூ கார்டு வந்துவிட்டது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அவளும் பீமாராவின் தங்கை பவதாரிணியும் ஒன்றாக டீச்சர் டிரெயினிங் முடித்தவர்கள். தொண்ணூறாம் வருஷம் ஜூலை மாதம் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று பதிந்தவர்கள். முன்னால் நின்றது பவதாரிணி, பின்னால் நின்றது அன்னக்கொடி. பதிவு எண்ணில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்.

"எனக்கே வந்துருச்சுன்னா ஒனக்கு வராம எங்கடீ போகும்? போஸ்ட்மேன் எங்கயாச்சும் சொருகி வச்சிருப்பாரு. நாளைக்கே ஆபீசுக்குப் போயி கேட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் சொன்ன அந்த 'நாளை'தான் இன்றைக்கு விடிந்திருக்கிறது. 1999 ஜூன் பதினாலு, திங்கட்கிழமை.

அவனியாபுரம் காலனியில் அந்த வீட்டில் காலை ஆறு மணிக்கே கல்யாணக் களை. அப்பா கருப்பு குளித்து முடித்து, மில்லுக்குப் போன காலத்து வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மில்லு மூடி மூன்று வருஷமாகிறது. அந்தச் சட்டையை அவர் வெளியே எடுத்தே ரொம்ப நாளாகிவிட்டது.

"நானும் வாரேன்" என்றார்.

"நீங்க எதுக்குப்பா? நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துர்றோம்" என்றான் பீமாராவ். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான்.

"ஏன்டா, எம் மக வேலைக்கு நான் வரக் கூடாதாக்கும்?"

"அங்க நிக்க எடம் இருக்காதுப்பா. ரிசல்ட் வந்த மாசம். அம்புட்டுக் கூட்டமும் அங்கதான் கெடக்கும்."

அம்மா ஒச்சாயி சித்தாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையில் சும்மாடு கட்டும் துணியை இடுப்பில் செருகியபடி மகனுக்கு இரண்டு இட்லி வைத்தாள். பீமாராவ் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தானே ஒழிய ஒரு வாய் இறங்கவில்லை.

"என்னடா, தங்கச்சிக்கு வேலைங்கவும் வயிறு நெறஞ்சு போச்சா?" என்று சிரித்தாள் ஒச்சாயி. அவள் சிரிப்பதைப் பார்த்தும் ரொம்ப நாளாகிவிட்டது.

பவதாரிணி பீரோவிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள். வழவழவென்று, கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது அட்டை. விஷயமே அந்த உறையில்தான் இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஜில்லாவில் பத்தாவது பாஸான பிள்ளை இருக்கிற எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இப்படி ஓர் அட்டை இருக்கும். பதிந்த தேதியிலிருந்து வரிசை. யார் முன்னால் பதிந்தார்களோ அவர்களுக்கு முன்னால் கூப்பிடுவார்கள். பத்து வருஷம் ஆகும், பன்னிரண்டு வருஷம் ஆகும், காத்துக் கிடக்க வேண்டும். நடுவில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, பதிந்த அதே மாதத்தில் போய்ப் புதுப்பித்து, அட்டையின் முதுகில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் மேலும் இரண்டு மாதம் பொறுப்பார்கள். அதுவும் தவறினால் காத்திருந்த வருஷமெல்லாம் காற்றோடு போச்சு. வரிசையின் கடைசியில் போய்ப் புதிதாக நிற்க வேண்டியதுதான்.

தொண்ணூற்றைந்து தீபாவளிக்கு போனஸ் வாங்கிய கையோடு கருப்பு பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடைக்குப் போய், மகளின் அட்டையை லேமினேஷன் பண்ணிக் கொண்டுவந்தார். அப்போது ஊரே லேமினேஷன் பண்ணிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், சாமி படம், எதையும் விடவில்லை. "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது தாயி" என்று பெருமையாகக் கொடுத்தார். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த மகனுக்கும் ஓர் அட்டை இருந்தது. அதை அவர் கேட்கவுமில்லை, அவன் கொடுக்கவுமில்லை.

தொண்ணூற்றாறு ஜூலையில் அண்ணன், தங்கை இருவருக்குமே புதுப்பிக்கும் மாதம். பதினொன்றாம் தேதி பீமாராவ் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போனான். அவனுடையதில் முத்திரை விழுந்தது. தங்கையினுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்தவர் சொன்னார்: "பிளாஸ்டிக் மேல சீல் ஒட்டாது தம்பி. அந்தப் பொண்ணே நேர்ல வந்து, நகல் அட்டை வேணும்னு மனு எழுதிக் குடுக்கட்டும். செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு."

அவ்வளவுதான் விஷயம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மில்லுக் கேட்டில் அன்று காலையில்தான் பூட்டுப் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டெம்பரரியாக இருந்த பீமாராவுக்கும் அதே கேட்டில்தான் பிழைப்பு. இழவு விழுந்த துட்டி வீடு போல் கிடந்தது வீடு. பவதாரிணி மட்டும் மெதுவாக வந்து, "அட்டையப் புதுப்பிச்சாச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றான்.

நாளைக்கு எப்படியும் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னான். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவனாவேன். ஆனால் மறுநாள் மில்லுப் பையன்கள் நாலு பேர் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள், இவனும் கூடவே ஏறிவிட்டான். பனியன் கம்பெனியில் நின்றபடியே மூன்று மாதம். ஐப்பசி மழையில் திரும்பி வந்தபோது செப்டம்பர் போயிருந்தது. அட்டையின் முதுகில் முத்திரை இல்லையே என்று தங்கை கேட்டதற்கு, "பிளாஸ்டிக் மேல போட முடியாதாம். ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஏத்திட்டாங்க" என்றான்.

அவள் நம்பினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

அடப்பாவி என்று நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் பகல் முழுக்க மிச்சம் இருக்கிறது.

*

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இவன் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தான். வில்லாபுரம் தாண்டும்வரை, இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்தான்.

பெரியார் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, "பவா, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தும் விட்டான்.

"நானும் ஒண்ணு சொல்லணும்ணே. அப்பாட்ட இப்ப சொல்லிராத" என்றாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "நேத்து சாயங்காலமே நான் வேலை பாக்குற நர்சரி ஸ்கூல் மேடம் வீட்டுக்குப் போயி, இனி வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்ன பவா இது? கையில கார்டு வரட்டுமே!"

"ஏழு வருஷம்ணே. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த நேரத்தவிட, அந்தம்மா வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் குடுத்த நேரம் சாஸ்தி. போன வாரம், 'ஒன்னையெல்லாம் ஸ்கூலுக்குள்ள விட்டதே பெருசு'ன்னு பிள்ளைக முன்னாடி வச்சு சொல்லுச்சு. எதுக்கு அப்பிடிச் சொல்லுச்சுன்னு ஒனக்குத் தெரியும்ல? நானும் கேட்டுக்கிட்டு நின்னேன். அன்னக்கொடி சொன்ன பெறகு இனி ஒரு நாளும் அந்தப் படியேறக் கூடாதுன்னு தோணிருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கலாமான்னுதான்."

"வேலை கெடைக்கட்டும். டீ என்னண்ணே, ஒனக்கு பிரியாணியே வாங்கித் தாரேன்" என்று சிரித்தாள்.

அந்த இடத்தில் பீமாராவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. வந்து என்ன செய்ய, வாய்தான் திறக்கவில்லை.

*

ஆற்றுக்கு வடக்கே இருந்த அந்த அலுவலகத்து வாசலில் தேர்க்கூட்டம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மார்க் ஷீட்டும் கையுமாகப் புதிதாய்ப் பதிய நின்றார்கள். மரத்தடியில் ஃபாரம் எழுதிக் கொடுப்பவர்கள், ஜெராக்ஸ் கடை, ஐஸ் வண்டி. "மூன்று மாதத்தில் கம்ப்யூட்டர், உடனடி வேலை" என்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கே அந்த வேலை தினக்கூலிதான் என்பது முகத்தில் தெரிந்தது.

வரிசையில் மலைச்சாமி நின்றார். மில்லில் பீமாராவோடு அதே ஷிஃப்டில் இருந்தவர்.

"என்னண்ணே, இங்கிட்டு?"

"புதுப்பிக்க வந்தேன் மாப்ள. வயசு நாப்பத்தி மூணு. இனி எவன் கூப்புடப் போறான்? ஆனாலும் விட மனசு வரல. நம்ம மில்லு போச்சு, பக்கத்து மில்லும் போச்சு. ஆளுகள்ல பாதி திருப்பூர்ல, பாதி கேரளாவுல கொத்து வேலைக்கு. நான் கல்யாண மண்டபத்துல எச்சி எலை எடுக்குறேன். இந்த அட்டை ஒண்ணுதான் நம்மளும் ஒரு படிச்ச ஆளுன்னு சொல்லுது. அதச் சாக விடக் கூடாதுல்ல?"

பீமாராவ் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டான். அதற்கு மேல் அவர் பேச்சைக் கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

பதினொன்றரைக்கு முறை வந்தது. கவுண்டருக்குப் பின்னால் நாகமணி என்று பெயர்ப்பலகை. ஐம்பது வயது அம்மாள். தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுக்காரர். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தாலும் பவதாரிணி வணக்கம் சொன்னதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு அடுத்த நம்பருக்கு இண்டர்வியூ கார்டு வந்துருச்சு மேடம். எனக்கு இன்னும் வரல. தபால்ல தவறிருச்சான்னு கேக்க வந்தேன்."

நாகமணி எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"தொண்ணூத்தி மூணுல புதுப்பிச்சிருக்கு. தொண்ணூத்தாறுல இல்லையேம்மா. உங்க பதிவு ரத்தாகி மூணு வருஷம் ஆகப் போகுது. அதான் லிஸ்ட்ல பேரு ஏறல."

"இல்ல மேடம். புதுப்பிச்சிருக்கு. லேமினேஷன் பண்ணதால சீல் போட முடியாம உங்க ரிஜிஸ்டர்ல ஏத்திட்டாங்க. எங்கண்ணன்தான் வந்தாங்க." பதறாமல்தான் சொன்னாள். நம்பிக்கை இருக்கிறவர்கள் ஏன் பதறப் போகிறார்கள்? திரும்பி, "சொல்லுண்ணே" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடியில்கூடச் சொல்லியிருக்கலாம். நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? கவுண்டரில் ஓங்கித் தட்டினான்.

"ஆமாங்க! ஏத்துறேன்னு சொன்னாங்க. ஏத்தாம விட்டது ஒங்க தப்பு. ஏழை பாழைன்னா ஒங்களுக்கு எளக்காரமா?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, "அப்பிடிக் கேளுங்கண்ணே!" என்று குரல் கொடுத்தார்கள். நாகமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு தம்பி சத்தம் போடுறீங்க? உள்ள ஆபீசரைப் பாருங்க" என்றார்.

பவதாரிணி விடுவதாக இல்லை. அண்ணனுக்காகவும் சேர்த்துச் சண்டை போடும் வேகத்தில் ஆபீசர் அறைக்குள் நுழைந்தாள். ஜனகராஜ் என்ற அந்த அதிகாரி நிதானமான மனிதர். முழுதும் கேட்டுவிட்டு, "என்னைக்கு வந்தீங்க தம்பி, தேதி ஞாபகம் இருக்கா?" என்றார்.



"ஜூலை பதினொண்ணு சார்" என்றாள் பவதாரிணி. "அன்னைக்குத்தான் எங்கப்பா மில்லு மூடுனாங்க. மறக்க முடியாது."

"அப்ப சரி. புதுப்பிக்க வந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர் இருக்கு. எடுத்துப் பாத்துருவோம். எங்க தப்புன்னா நானே சரி பண்ணித் தாரேன்."

ரிஜிஸ்டர் பழைய கட்டுகளுக்குள் இருந்தது. எடுத்து வர அரை மணி நேரமானது. வராந்தா பெஞ்சில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவன் தோளைத் தட்டி, "பயப்படாதண்ணே, நம்ம பக்கம் நியாயம் இருக்கு" என்று தைரியம் சொன்னாள். அரை மணி நேரம் முழுக்க அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேசை மேல் தூசி பறக்க ரிஜிஸ்டரைப் போட்டார்கள். ஜனகராஜ் பக்கத்தைப் புரட்டி, "இந்தாம்மா, பதினொண்ணாம் தேதி. நீயே பாரு" என்று அவள் பக்கம் திருப்பினார்.

விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது. க. பீமாராவ், ஃபிட்டர். பக்கத்தில் அவனுடைய கையெழுத்து, வாலை இழுத்துவிட்ட அதே 'வ்'. அடுத்த வரியில் வேறு யாரோ. அதற்கடுத்த வரியிலும் வேறு யாரோ. கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

"அண்ணே, இது ஒன் கையெழுத்துதான?"

"ஆமா."

"என் பேரு எங்கண்ணே?"

அவன் அழ ஆரம்பித்தான். ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளாஸ்டிக், நகல் மனு, மில்லுப் பூட்டு, திருப்பூர் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினான்.  அவன் முடித்த பிறகு அவள் சொன்னாள்:

"அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன். திருப்பூர்ல இருந்து ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தாக்கூட ஓடி வந்திருப்பேனேண்ணே. ஒம்போது வருஷம்! மாப்பிள்ள வந்தப்பல்லாம் வேலை வரட்டும் வேலை வரட்டும்னு தட்டிக் கழிச்சேனே, அப்பயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

 

ஜனகராஜ் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி இனி இங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா. சென்னை ஹெட் ஆபீசுக்கு ஒரு மனுப் போட்டுப் பாக்கலாம். அன்னைக்கு வந்தது யாரு, என்ன நடந்தது, ஏன் விட்டுப்போச்சுன்னு உங்கண்ணன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இந்த வேலைக்கான லிஸ்ட் மாசக் கடைசியில கல்வித் துறைக்குப் போயிரும். நாளைக் காலையில பத்து மணிக்குள்ள கொண்டு வந்தா தபால்ல சேத்துடுறேன். ஆனா நம்பிக்கை வச்சுராதீங்க. இதுமாதிரி எத்தனையோ போயிருக்கு, ஒண்ணு ரெண்டுதான் திரும்பி வந்திருக்கு."

வெளியே வந்ததும் நாகமணி அவளைக் கூப்பிட்டு, ஒரு ஃபாரத்தைத் தானே எழுதிக் கொடுத்தார். "எதுக்கும் புதுசாப் பதிஞ்சு வச்சுக்கோம்மா. ஒரு நாள் பிந்துனாலும் நட்டந்தான்." பிளஸ் டூ பிள்ளைகளோடு வரிசையில் நின்று, இருபத்தெட்டு வயதுப் பவதாரிணி புது அட்டை வாங்கினாள். பதிவு தேதி 14.6.1999. முன்னால் நின்ற பெண் திரும்பி, "நீங்க எந்த ஸ்கூல்க்கா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டது. பவதாரிணி சொன்ன பள்ளிக்கூடத்தின் பெயர், அவள் பதினோரு வருஷத்துக்கு முன்னால் படித்தது.

*

திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் தனியாக உட்கார்ந்தாள். வில்லாபுரம் நிறுத்தத்தில் எழுந்து அவன் பக்கம் வந்தாள்.

"நான் அந்த ஸ்கூல் மேடத்தப் பாத்துட்டு வாரேன். நீ வீட்டுக்குப் போயி அப்பாட்ட சொல்லு. நான் வர்றதுக்குள்ள சொல்லியிருக்கணும்."

"நீயும் கூட இருந்தா..."

"நீயே சொல்லு" என்று இறங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் கருப்பு வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். டீக்கடையிலிருந்து காலனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "எந்தூருல போட்டிருக்காக? உசிலம்பட்டிப் பக்கமா, மேலூரா? தாயி எங்கடா?" என்று எழுந்து வந்தார்.

பஸ்ஸில் வந்த வழியெல்லாம் உண்மையைத்தான் மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு வந்தான் பீமாராவ். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தன் பழைய வழிக்கே போய்விட்டது.

"பதிவு ரத்தாயிருச்சுப்பா. லேமினேஷன் பண்ண அட்டையில சீல் போட முடியாதாம். அதனால புதுப்பிச்சது செல்லாமப் போச்சு."

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் பாதி நிஜம்தான். அந்தப் பாதிக்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம். 

"லேமினேஷனா? நான் போட்டேனே, அதா?"

பீமாராவ் கதவோரமாக ஒதுங்கினான்.

"நாந்தான போட்டேன்? ஒச்சாயி வேணாம்னாளே, எதுக்குத் தெண்டச் செலவுன்னாளே, நான் கேக்கலியே!" என்று நெற்றியில் படபடவென்று அடித்துக்கொண்டார். "படிக்காத முண்டம், எனக்கென்ன தெரியும்? ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானடா போட்டேன்! எம் மகள நானே கெடுத்துட்டேனே!"

வேலை முடிந்து சிமெண்டுக் காலோடு வந்த ஒச்சாயி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். பிடிக்குள் அவர் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ராமக்காள் எட்டிப் பார்த்தாள். பீமாராவ் கதவோரம் நின்றுகொண்டே இருந்தான். இதற்கு மேல் ஒரு மனுஷன் கீழே போக முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் பவதாரிணி வந்தாள். அவள் வகுப்பில் காலையிலேயே வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்களாம். படியேற விடாமல் வாசலிலேயே வைத்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இடம் கொடுக்காமல் அப்பா அவள் காலைப் பிடிக்க வந்தார்.

"என்னைய மன்னிச்சுரு தாயி. பிளாஸ்டிக் போட்டு ஒன் பொழப்ப நாந்தான் கெடுத்தேன்."

அவள் பதறி அவரைத் தூக்கி நிறுத்தினாள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க ஒண்ணும் செய்யலப்பா."

"பெறகு யாரு செஞ்சது?" என்றாள் ஒச்சாயி.

"அண்ணன் சொல்லும்."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.   பீமாராவ் வாயைத் திறந்தான். இந்தத் தடவை எதையும் விடாமல் சொன்னான்.

ஒச்சாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கருப்பு திட்டவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு ஒன்னோட அட்டைக்கு சீல் வாங்குனியாடா?"

"வாங்குனேன்ப்பா."

"ம்" என்றார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். 

பவதாரிணி உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து, அண்ணன் முன்னால் வைத்தாள். நாளைக் காலையில் பத்து மணி. சென்னையிலிருந்து பதில் வருமோ வராதோ, வந்தாலும் மாசக் கடைசிக்குள் வருமோ, யாருக்குத் தெரியும்?

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். 'ஐயா, மேற்படி தேதியில் என் தங்கையின் அட்டையைப் புதுப்பிக்க' என்பதுவரை வந்து பேனா நின்றது. அடுத்த வார்த்தைக்கு 'ம' போட்டான்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை குனிந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மறந்துட்டேன்னு எழுதாதண்ணே. நீ மறக்கல."